கற்குறிகளும் வரலாறும்: மட்டக்களப்புப் பிரதேசச் சான்றுகள் சில

மட்டக்களப்பு வாவியின் மேற்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் வயல்வெளிகளுக்கு அப்பாற் கருங்கற் குன்றுகள் பல உள்ளன. அவற்றின் குகைகளிற் காணப்படும் பழைய பிராமிச் சாசனங்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதலாகப் பொறிக்கப்பட்டவை. பெரும்பாலும் பிராகிருத மொழியில் அமைந்த இவை, பௌத்த சங்கத்தார்க்குக் குகையை அளித்தவர் இன்னார் என்பதைச் சுருங்கக் கூறுவன. இவற்றின் எழுத்துக்கள் வாசிக்கப்பட்டுவிட்டன. ஆயினும், சில சாசனங்களை அடுத்து எழுத்தல்லாத குறிகளும் வெட்டப்பட்டுள்ளன. அவை குறிப்பன யாவை என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை.

1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த அம்பாறைப் பிரதேசத்திற் போவத்தகல என்னும் இடம் உண்டு. அங்கு, பத்துச் சகோதரர் எனப்பட்ட அரச குடும்பத்தின் வழிவந்தோரது சாசனங்களோடு மீன் உருவமொன்று காணப்படுகின்றது. இலங்கையின் ஆதிச் சாசனங்களை 1970இல் தொகுத்து வெளியிட்ட பரணவிதான, இம்மீனைப் பாண்டியரோடு தொடர்புபடுத்தினார். ஆனால் மீன் பௌத்த மங்கலச் சின்னங்களுள்ளும் ஒன்று. எனவே உருவ ஒற்றுமை ஒன்றை மட்டுங்கொண்டு முடிவு காண்டல் பொருந்தாது.

உரோமர் வரலாற்றிலும் இதற்கு ஒப்பானதொரு நிலையைக் காணலாம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரத்து வீதித் தளக்கல் ஒன்றில் ஆண்குறி வடிவம் செதுக்கப்பட்டுள்ளது. அது பரத்தையர் இல்லத்துக்கு வழிகாட்டுவது என்பது பரவலான கதை. ஆயின் அதே வடிவம் அந்நகரில் வெதுப்பக அடுப்பின் மேலும் காணப்படுதலால், கண்ணேறு கழிக்கும் காப்புக்குறியாகவே அதனை ஆய்வாளர் பலர் கொள்வர். ஒரு குறி எவ்வெவ்விடங்களில் எவற்றோடு சேர்ந்து வருகின்றது என்பதே அதன் பொருளை அறிதற்குச் சிறந்த வழியாகும்.

இம்முறைக்குத் துணைசெய்யும் சான்று யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிற் கிடைத்தது. கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980இல் நடத்திய அகழ்வில், பெருங்கற்கால ஈமப் புதைகுழியொன்றிலிருந்து முத்திரையொன்று வெளிப்பட்டது. அதன் மேல்வரியில் மூன்று குறிகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துக்களும் உள்ளன. குறிகள் வெறும் அலங்காரமல்ல, எழுத்துக்கள் உணர்த்துவதையே அவையும் உணர்த்தியிருத்தல் கூடும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. இத்தகைய குறிகள் தமிழகத்திலும் ஈழத்திலும் பெருங்கற்கால மட்பாண்டங்களிற் பொதுவாகக் காணப்படுகின்றன.

இவற்றை நோக்குமிடத்து, ஒரே குடும்பத்தாரின் சாசனங்களை அடுத்து வரும் மீன் அக்குடும்பத்தின் சின்னமாயிருத்தல் கூடும் எனக் கொள்ளலாம். அக்குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது வேறொரு வினா.

இவ்வேறுபாடு சிறியதன்று. ஒரு நிலம் எவ்வினத்தாருக்கு உரியது என்னும் வழக்கிற்குக் குகைக் கற்கள் சாட்சிகளாக அழைக்கப்படும் நாட்டில், வாசிக்கப்படாத குறியை விரும்பியவாறு பேசவைத்தல் எளிது. கல்லுடைப்போரும் புதையல் தேடுவோரும் பாறைகளைச் சிதைக்குமுன், குறி ஒவ்வொன்றும் அதன் இடம், அளவு, அருகிலுள்ள எழுத்து ஆகியவற்றோடு பதிவுசெய்யப்படல் வேண்டும். உரிமை பற்றிய வாதங்கள் அப்பதிவுக்குப் பின்னரே எழத்தக்கவை.