கூலியின் தளம்: மட்டக்களப்பு வாவிக்கரையில் வேதனச் சட்டமும் அரச நிவாரணமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரியும் படுவான்கரை வயல்களும், வாவிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் எழுவான்கரைக் குடியிருப்புகளும் கூலி உழைப்பால் நெடுங்காலமாகப் பிணைந்தவை. அந்தக் கூலி எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பதை இங்கு நிர்ணயித்ததில் வேதனச் சட்டங்களைவிட அரச நிவாரணத் திட்டங்களுக்கே பங்கு அதிகம் என்பது, இரண்டின் வரலாற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் புலப்படுகிறது.

பழைய ஏற்பாட்டில் அத்தளத்தை இட்டவர் போடியார், அதாவது பெருநிலம் வைத்திருந்த வயலுடைமையாளர். வெள்ளாமை விளையும்வரை வேலையாளின் குடும்பம் உண்பதற்கு நெல்லை முற்பணமாகக் கொடுத்து, சூடு மிதித்த பின் களத்திலேயே அதைக் கழித்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. இது கருணையும் கடனும் கலந்த ஏற்பாடு. பஞ்சத்தில் காத்தது, ஆனால் அடுத்த போகத்துக்கும் ஆளைக் கட்டிப்போட்டது.

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், தொழில் வழங்குநர், தொழிலாளர், அரசின் நியமன உறுப்பினர் ஆகிய முத்தரப்பும் கூடித் தொழில்வாரியாகக் குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கும், பிற்காலத்தில் நெல் குற்றும் தொழிலுக்கும் சபைகள் அமைந்தனவாயினும் நெற்செய்கைக்கு அமையவில்லை. ஆகவே அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர் சட்டத்தின் உள்ளே இருந்தார். அதே நெல்லை அறுத்துக் கட்டிச் சூடு வைத்தவர் வெளியே நின்றார். 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டமும் முதன்மையாகக் குத்தகையாளரின் உரிமையையே பேசிற்று. நாட்கூலி அதன் முதன்மைப் பொருளன்று. வாவியில் தோணியும் வலையும் கொண்டு தொழில் செய்வோருக்கோ, சட்டம் பொறுப்பாக்கக்கூடிய முதலாளியே பெரும்பாலும் இல்லை.

இந்த வெற்றிடத்தில் உண்மையான தளமாக நின்றது கூப்பன் அரிசி. 1942இல் போர்க்காலப் பங்கீடாகத் தொடங்கிய அந்த மானியம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை, பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்டில் நாடு தழுவி நடந்த ஹர்த்தால் காட்டியது. கூப்பன் அரிசி அடுப்புக்கு வந்துவிட்டால், கிடைத்த கூலிக்கு மறுநாளே வயலுக்கு ஓடவேண்டிய நெருக்கடி சற்றுத் தளரும். எந்தத் தொகைக்குக் கீழே ஒருவர் வேலைக்கு இறங்க மறுப்பாரோ அந்த எல்லையைப் பொருளியலாளர் ஏற்புக் கூலி என்பர், நிவாரணம் உயர்த்துவது அதையே. 1978இல் மானியம் மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டு, 1979இல் உணவு முத்திரையாக மாறியபோது, விலையேற்றத்தோடு முத்திரையின் மதிப்பு உயராததால் அத்தளம் ஓசையின்றித் தாழ்ந்தது.

1989இன் சனசவிய நிவாரணத் திட்டம் மாதம் 2,500 ரூபாவில் 1,458ஐ நுகர்வுக்கும் எஞ்சியதை முதலீட்டுக்கான சேமிப்புக்கும் ஒதுக்கி, இருபத்துநான்கு மாதங்களில் வறியவரைச் சிறுதொழிலுக்கு ஏற்றிவிட எண்ணியது. 1990 ஜூனில் கிழக்கில் போர் மீண்டும் மூண்ட பின்னர், வயலுக்கே போகமுடியாத படுவான்கரை மக்களுக்கு அந்த எண்ணம் கணக்குப் புத்தகத்துக்கு உரியதாகவே இருந்திருக்கும். 1995இன் சமுர்த்தித் திட்டம் உதவித்தொகையோடு கட்டாயச் சேமிப்பையும் சிரமதானத்தையும் இணைத்தது. நிவாரணம் பெறுபவரின் உழைப்பைக் கூலியின்றிக் கோருவது எவ்வகை நிவாரணம் என்ற வினா இங்கு எழாமலில்லை.

2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின் ஆளொருவருக்கு வாரம் 375 ரூபா வீதம் (200 ரொக்கம், மீதி உணவுப்பொருள்) அரசு வழங்கியது. தொண்டு நிறுவனங்களோ இடிபாடு அகற்றவும் வாய்க்கால் தோண்டவும் ‘காசுக்கு வேலை’ என்ற பெயரில் நாட்கூலி கொடுத்தன. மாற்றுவேலை அருகிலேயே கிடைக்கும்போது வயற்கூலியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியதாகிறது. எந்த வர்த்தமானி அறிவித்தலும் வாவிக்கரையில் செய்யாத வேலை இது. வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்துநின்ற கூலியாட்களுக்கு 2014இல் பாலம் திறந்தபின் அக்கரை வேலையும் எட்டியது.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் முதன்முறையாகத் தொழிற்பிரிவு பாராமல் மாதம் 10,000, நாள் 400 ரூபா என்று நாடு முழுமைக்கும் ஒரே தளத்தை விதித்தது. வயலில் ஆணின் நாட்கூலி அப்போதே அதைக் கடந்திருந்தமையால் படுவான்கரையில் அது உறைக்கவில்லை. உறைத்திருக்கக்கூடிய இடங்கள் கடைகளும் தையலகங்களும், பெண்கள் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் சிறு ஆலைகளும்தான். அங்கும் சம்பளப் பதிவேடு இல்லாதவிடத்துச் சட்டத்துக்குப் பிடியில்லை. கூலி ஏறினால் வேலை குறையும் என்ற பொது வாதத்துக்கு வயலிலிருந்து சான்று தேடுவோர், ஆட்களை அகற்றிய அறுவடை இயந்திரம் சட்டக் கூலிக்காக வந்ததன்று, அறுவடை நாட்களில் சந்தைக் கூலி ஏறி ஆட்பற்றாக்குறையும் சேர்ந்தபோது வந்தது என்பதைக் கருத வேண்டும்.

அதிகாரபூர்வ வறுமை விகிதம் மட்டக்களப்பில் 2012/13இல் 19.4 சதவீதமாகவும் 2016இல் 11.3 சதவீதமாகவும் இருந்தது; பின்னைய ஆண்டில் நாட்டின் சராசரி 4.1. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நிவாரணத் திட்டம், ‘வறிய’ பிரிவுக் குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா வழங்கியபோது, அன்றைய சட்ட நாட்கூலியான 500இல் அது பதினேழு நாள் உழைப்புக்குச் சமம். 2025இல் உதவி 10,000 ஆயிற்று; 2026 ஜனவரிக்கு விதிக்கப்பட்ட நாட்கூலியோ 1,200. அதாவது எட்டு நாளுக்குச் சற்று அதிகம். வேதனத்தின் தளம் காகிதத்தில் ஏற, நிவாரணத்தின் தளம் அதனோடு ஒப்பிடுகையில் பாதியாகியிருக்கிறது. மாரி வெள்ளம் வயலை மூடி வேலையற்றுப்போகும் வாரங்களில், கூலியாள் வீட்டுக்குக் கையில் கிடைப்பது இரண்டாவது மட்டுமே.