பதிவேடும் பட்டமும்: அடையாற்றில் மருத்துவ ஆய்வாளர் உருவான வரலாறு

மருத்துவரை உருவாக்குவது கல்லூரி. மருத்துவ ஆய்வாளரை உருவாக்குவது எது? புற்றுநோய்த் துறையைப் பொறுத்தமட்டில், இவ்வினாவிற்கு நம் நாட்டில் நெடுங்காலம் விடை இருந்ததில்லை. வாய்ப்புடையோர் கடல் கடந்து சென்று கற்றனர். ஏனையோர் அன்றாடப் பணியோடு அமைந்தனர். இந்நிலை சென்னை அடையாற்றில் மாறிய விதத்தை ஈண்டு ஆராய்வோம்.

1. பணி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது முயற்சியால், இந்திய மாதர் சங்கத்தின் சார்பில், அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 சூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் பணி தொடங்கிற்று. அவர்தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனை நடத்தினார். 1955இல் டாக்டர் சாந்தா, தமக்குக் கிடைத்த அரசு மருத்துவமனைப் பதவியை விடுத்து அவருடன் இணைந்தார். இவ்விருவரும் வெளிநாடுகளில் பயின்றவர்கள். ஆயினும் தமக்குப் பின்வருவோரும் அவ்வாறே வெளிநாடு செல்ல வேண்டும் என்னும் நிலை நீடிப்பதை அவர்கள் விரும்பவில்லை.

2. பதிவு

ஆய்வுக்கு அடிப்படை பதிவேடே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் திட்டத்தின்கீழ், சென்னை மக்களிடையே தோன்றும் புற்றுநோய்கள் 1982 முதல் இந்நிலையத்தில் முறையாகப் பதிவாயின. நோயைத் தெரிவிக்கும் சட்டக் கடமை அன்று எவருக்கும் இல்லை. ஆகவே பணியாளர்கள் மருத்துவமனை தோறும் சென்று நோயாளிகளை வினவினர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டனர். சிகிச்சை முடிந்து சென்றோரின் நிலையை அறிய அஞ்சல் அனுப்பினர். மறுமொழி வாராவிடில் வீடு தேடிச் சென்றனர்.

இவ்வுழைப்பு வீண்போகவில்லை. தொடக்க ஆண்டுகளில் பெண்களிடையே முதலிடம் பெற்றிருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்ததையும், மார்பகப் புற்றுநோய் அவ்விடத்தை அடைந்ததையும் பதிவேடே புலப்படுத்திற்று. ஒரு மருத்துவர் தம் அறையிலிருந்தவாறே இதனைக் கண்டிருக்க இயலாது.

3. பட்டம்

1984இல் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் புற்றுநோயியல் கல்லூரி இங்கு நிறுவப்பெற்றது. புற்றுநோய் அறுவையிலும் மருந்து சிகிச்சையிலும் உயர்சிறப்புப் பட்டங்கள் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கின. இவ்வரிசையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் பணி, பின்னர் பதிவு, முப்பதாண்டுகள் கழித்தே பட்டம். கல்லூரிக்கு வந்த மாணவர், தமக்கு முன்பே சேர்ந்திருந்த அனுபவத்திற்கும் ஏடுகளுக்கும் வாரிசாயினர்.

4. இன்றைய வினா

இன்று நிலைமை வேறு. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் பாடத்தை இணையவழி கற்பிக்கின்றது. முதுநிலை மாணவரும், பதவி உயர்வு நாடும் மருத்துவ ஆசிரியரும் அதனை முடிக்க வேண்டுமென 2020ஐ ஒட்டி விதிக்கப்பட்டது. ஆய்வு வினாவை அமைத்தல், மாதிரி அளவைக் கணித்தல், அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெறுதல் ஆகியவற்றை அறியாமலேயே ஆசிரியரானோர்க்கு இது பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. தொலைவிலுள்ள கல்லூரிகளுக்கும் இது எட்டுகின்றது.

எனினும், முறையைக் கற்பது வேறு; வினா தோன்றுவது வேறு. அஞ்சலுக்கு மறுமொழி தராத நோயாளியின் வீட்டைத் தேடிச் செல்லும் பொறுமையைச் சான்றிதழ் தாராது. அதற்கு மூத்தோரின் துணையும், ஓரிடத்தில் நிலைத்த பணியும், தவறாது எழுதப்பெறும் ஏடும் வேண்டும். டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அந்நிலையத்துடனேயே வாழ்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

சபைப் பணிக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் நமக்கும் இவ்வரலாறு ஒரு வினாவை விடுக்கின்றது. நம் மாணவர் பட்டத்திற்கென எழுதும் ஆய்வேடுகள் எந்த மக்களின் வாழ்விலிருந்து எழுகின்றன? அம்மக்களை, ஏடு முடிந்தபின் யார் தேடிச் செல்கின்றனர்?