வித்தின் புரதமும் பிறபொருளெதிரியும்: ஓர் ஆய்வுக் கருவியின் வரலாறு

விஞ்ஞான வரலாற்றினைத் தனிமனித மேதைகளின் பெயர்ப்பட்டியலாக எழுதும் மரபு இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாக எழுதிய மரபின் உடன்பிறப்பே அது. எதனை அறிய முடியும் என்பதை அறியும் கருவி வரையறுக்கின்றது. அக்கருவியையோ அதனைத் தோற்றுவித்த சமூகத் தேவை வரையறுக்கின்றது. இவ்வுண்மையை மேற்படி மரபு மறைத்துவிடுகின்றது. கோதுமை, நெல் ஆகிய தானியங்களின் வித்துக்களிலே புரதங்களை மடிக்கும் நொதியங்கள் பிறபொருளெதிரிகளின் துணையோடு ஆராயப்பட்ட வரலாற்றினை இந்நோக்கிலே சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமினோவமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட மாத்திரத்தே புரதம் தொழிற்படத் தொடங்குவதில்லை. அச்சங்கிலி உரிய வடிவில் மடிதல் வேண்டும். மாட்டின் கணையத்திலிருந்து பெறப்பட்ட றைபோநியூக்கிளியேசு என்னும் நொதியத்தின் மடிப்பினைக் குலைத்து, அது சோதனைக் குழாயிலே தானாகவே மீண்டும் மடிவதை அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்தியன் அன்பின்சனும் அவர்தம் குழுவினரும் 1961 இல் காட்டினர். வடிவத்துக்கு வேண்டிய செய்தி சங்கிலியின் ஒழுங்கிலேயே அடங்கியுள்ளது என்னும் முடிபு இதிலிருந்து பிறந்தது. ஆயின் இம்முடிபின் உள்ளேயே ஒரு முரண்பாடும் இருந்தது. சோதனைக் குழாயில் மணிக்கணக்கில் நிகழ்ந்த மடிப்பு உயிர்க்கலத்தில் சில நிமிடங்களில் நிகழவேண்டியிருந்தது. அம்முரண்பாடே புதிய தேடலுக்கு வழிவகுத்தது. 1963 இல் அன்பின்சன் குழுவினர் எலியின் ஈரலிலும், அதே ஆண்டில் புடாபெஸ்டில் வெனெற்றியானர், ஸ்திராவுப் ஆகியோர் கணையத்திலும், மடிப்பினை விரைவுபடுத்தும் நொதியத்தைக் கண்டனர். கந்தக அணுக்களிடையே தவறாக அமைந்த பிணைப்புக்களைக் கலைத்துச் சரியாக அமைக்கும் இந்நொதியமே புரத இருசல்பைட்டு ஐசோமரேசு எனப்படுவது. முதலாளித்துவ நாடொன்றிலும் சோசலிச நாடொன்றிலும் ஒரே ஆண்டில் இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தமை, தனிமேதைக் கோட்பாட்டின் போதாமையைப் புலப்படுத்துகின்றது.

பிறபொருளெதிரியின் கதை வேறோர் இடத்திலே தொடங்குகின்றது. தொண்டைக்கரப்பன் ஐரோப்பிய நகரங்களிலே குழந்தைகளைப் பெருந்தொகையாகப் பலிகொண்ட காலம் அது. 1890 இல் பேர்லினில் எமில் பெஹ்ரிங், கித்தசாத்தோ சிபசாபுரோ ஆகிய இருவரும், நோய்நஞ்சு ஊட்டப்பட்ட விலங்கின் குருதி நீர்ப்பாயம் அந்நஞ்சினைச் செயலிழக்கச் செய்வதை நிறுவினர். சில ஆண்டுகளுக்குள் அந்நீர்ப்பாயம் யேர்மனிய இரசாயனத் தொழிற்சாலைகளின் விற்பனைப் பண்டமாயிற்று. மருந்தாகத் தோன்றிய இப்பொருள் பின்னர் ஆய்வுக் கருவியாக மாறியது. 1941 இல் அல்பேட் கூன்ஸ் குழுவினர் பிறபொருளெதிரியுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்தனர். 1971 இல் நுண்ணிய பொற்றுணிக்கைகள் பிணைக்கப்பட்டன. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் கரும்புள்ளிகளாகத் தோன்றும் அத்துணிக்கைகள், தேடப்படும் புரதம் கலத்தினுள் எங்குள்ளது என்பதைச் சுட்டிக்காட்டின.

இவ்விரு கதைகளும் வித்திலே சந்திக்கின்றன. முளையின் எதிர்கால உணவாகப் புரதத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்து சேமிக்கும் வித்தகவிழையம், மடிப்பு நொதியங்களுக்கு மிகுந்த வேலையுள்ள களமாகும். 1982 இல் ரோடன், மிஃப்ளின், ஃபிறீட்மன் ஆகியோர் வளரும் கோதுமை வித்தின் அகமுதலுருச் சிறுவலையில் இந்நொதியம் இருப்பதை அறிவித்தனர். இழையத்தை அரைத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொழிற்பாட்டையும் அளந்தே அவர்கள் இதனைக் கண்டனர். அரைக்கப்பட்ட கலத்திலோ உறுப்புக்களின் அமைப்பு சிதைந்துவிடுகின்றது. சிதையாத கலத்தினுள் நொதியத்தின் இருப்பிடத்தை அறியப் பிறபொருளெதிரி தேவைப்பட்டது.

அதன் பயனை நெல் காட்டிற்று. நெல்வித்தில் புரோலமின் சிறுவலையினுள்ளேயே உருண்டையாகத் திரள்கின்றது. குளூட்டெலினோ அங்கிருந்து நீங்கிப் புன்வெற்றிடத்தைச் சென்றடைகின்றது. கியூசூப் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட குழுவொன்று 2002 இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கூறிய நொதியம் இல்லாத நெல்விகாரியொன்றைப் பற்றியது. அதிலே குளூட்டெலினின் முன்னோடிப் புரதம் பெருமளவில் தேங்கியது. ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய பிறபொருளெதிரிகளைக் கொண்டு நோக்கியபோது, வேறுவேறிடங்களில் இருக்கவேண்டிய இரு புரதங்களும் ஒரே சிறு திரள்களிற் கலந்து கிடந்தமை தெரியவந்தது. நொதியத்தின் பணி மடிப்போடு முடிவதில்லை, புரதங்களை வேறுபிரித்து உரிய இடஞ்சேர்ப்பதற்கும் அது இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்பட்டது. செய்தி சங்கிலியில் உள்ளது என்பது உண்மையே. ஆயின் அச்செய்தி வடிவமாவதற்குக் கலத்தினுள்ளே ஓர் உழைப்பு வேண்டியுள்ளது.

இங்கு மனங்கொள்ளத்தக்க பிறிதொன்றும் உண்டு. பிறபொருளெதிரியும் ஒரு புரதமே. அதன் சங்கிலிகளும் இருசல்பைட்டுப் பிணைப்புக்களாற் பிணைக்கப்பட்டவையே. விலங்குக் கலத்தினுள் அதனை உருவாக்கவும் இந்நொதியமே உதவுகின்றது. ஆகவே, நெல்லின் நொதியத்தைத் தேடிச் செல்லும் கருவி அதன் இனத்தைச் சேர்ந்த நொதியமொன்றின் விளைபொருளாகும். அறியும் கருவியும் அறியப்படும் பொருளும் ஒரே இயற்கையின் இரு கூறுகள் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று அரிது.

எனினும் இச்சான்றினைக் கொண்டு இயங்கியல் வென்றுவிட்டதென ஆரவாரிப்பது பொருந்தாது. தத்துவத்தின் பெயரால் வித்துக்குக் கட்டளையிட்ட வரலாறும் எம்முடையதே. தாவரவியலறிஞர் நிக்கொலாய் வவிலோவ் 1943 இல் சராத்தொவ் சிறையில் இறந்தார். 1948 இல் லைசென்கோவின் கொள்கை சோவியத் நாட்டின் அதிகாரபூர்வக் கொள்கையாயிற்று. விடையை முன்னரே எழுதிவைத்துவிட்டு அதனை மெய்ப்பிக்குமாறு இயற்கையைப் பணித்தமையே அங்கு நிகழ்ந்த தவறு. பிறபொருளெதிரியைக் கையாளும் ஆய்வாளரோ, ஊசி ஏற்றுமுன் அதே விலங்கிலிருந்து எடுத்த நீர்ப்பாயத்தையும் உடன்வைத்துச் சோதிக்கின்றார். தாம் காண விரும்பியதையே கண்டுவிட்டோமோ என்னும் ஐயமே அச்சோதனைக்கு அடிப்படை. அவ்வையம் பொருள்முதல்வாதத்துக்குப் பகையன்று, அதன் முதற் கடமையே எனலாம். இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள எமக்கும் அக்கடமை உண்டு.