கணக்கில் வராத தடுப்புகள்: பில் ரசலும் கூடைப்பந்துத் தடுப்பாட்டமும்

எதிரணியினர் வளையத்தை நோக்கி எறியும் பந்தை வழியிலேயே தட்டித் தடுப்பதை அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துக் கழகம் 1973-74 பருவத்தில்தான் எண்ணிப் பதியத் தொடங்கியது. அந்தக் கலைக்கு மதிப்புத் தேடித் தந்த பில் ரசல் 1969-இலேயே ஓய்வுபெற்றுவிட்டார். 13 பருவங்களில் அவர் தடுத்த பந்துகள் எத்தனை என்பதற்கு அதிகாரப்பூர்வக் கணக்கு கிடையாது. ஆட்டத்துக்குச் சராசரி 15.1 புள்ளிகள் என்ற பதிவை மட்டும் பார்ப்பவருக்கு அவருடைய இடம் விளங்காது.

ரசல் 1934 பிப்ரவரி 12 அன்று லூசியானா மாநிலத்தில் பிறந்தார். நிறவெறி தாளாமல் குடும்பம் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி அணியில் தட்டுத்தடுமாறி இடம்பிடித்தவரை சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. தடுப்பவரின் கால் தரையை விட்டு எழக்கூடாது என்பது அன்றைய பயிற்சியாளர்களின் பாடம். உயரம் தாண்டுதலிலும் தேர்ந்திருந்த ரசல் எழும்பித்தான் தடுத்தார். 1955, 1956 இரு ஆண்டுகளும் பல்கலைக்கழக அணி தேசிய வாகை சூடியது. தொடர்ந்து 55 ஆட்டங்களில் வென்றது. வளையத்தின் கீழுள்ள பகுதியின் அகலத்தை விதியாளர்கள் 6 அடியிலிருந்து 12 அடியாக்கியதற்கு அவரே காரணம் என்பர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கையோடு அவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சேர்ந்தார்.

அவருடைய தடுப்பில் ஒரு நுட்பம் உண்டு. நெட்டையர் பலரும் பந்தை ஓங்கி அறைந்து பார்வையாளர் பக்கம் அனுப்புவார்கள். கைதட்டல் கிடைக்கும், பந்து என்னவோ மறுபடி எதிரணிக்கே போகும். ரசல் இடக்கை விரல்களால் மெல்லத் தட்டி, பந்தைக் களத்துக்குள்ளேயே விழவைப்பார். அதை எடுத்த சக செல்டிக்ஸ் ஆட்டக்காரர் பாப் கூசி, எதிரணி திரும்புவதற்குள் மறுகோடிக்குக் கடத்திவிடுவார். இரண்டு புள்ளிகளைக் காத்த கை, அப்படியே இரண்டு புள்ளிகளுக்கு வழியும் திறந்தது. ஒருமுறை இப்படித் தடுக்கப்பட்டவர் அடுத்த முறை எறியத் தயங்குவார், குறி பிசகும். அந்தத் தயக்கத்தை இன்றைய கணக்கேடும் பதிவதில்லை.

ஏட்டுக்குத் தெரியாதது சக ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 1961-62 பருவத்தில் எதிரணி ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லெயின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் குவித்தார். இன்றுவரை எவரும் நெருங்காத சாதனை அது. சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு அப்போது ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். அவர்கள் தேர்ந்தது ரசலை. அந்த விருது அவருக்கு மொத்தம் ஐந்து முறை கிடைத்தது. 13 பருவங்களில் செல்டிக்ஸ் வென்ற வாகைப் பட்டங்கள் 11. அவற்றில் எட்டு 1959 முதல் 1966 வரை இடைவிடாமல் வந்தவை. கடைசி இரண்டையும் அவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து வென்றார். பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்கிடமிருந்து 1966-இல் பொறுப்பேற்றபோது என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர் அவர்.

வெற்றிகள் அவரை அவமதிப்பிலிருந்து காக்கவில்லை. 1961-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் கறுப்பின வீரர்களுக்கு உணவு தர மறுத்தபோது, அவரும் தோழர்களும் ஆட்டத்தைப் புறக்கணித்து ஊர் திரும்பினார்கள். பாஸ்டனுக்கு அருகே அவர் வீட்டில் புகுந்தவர்கள் சுவரில் இனவெறி வசைகளை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். 1972-இல் அவருடைய 6-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு தரும் சடங்கு, அவர் விருப்பப்படியே, பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்தது. பாஸ்டனோடு அவருக்கிருந்த கணக்கை இதைவிடத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

2009 முதல் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் பெயரைத் தாங்குகிறது. 2022 ஜூலை 31 அன்று ரசல் மறைந்தபின், 6-ஆம் எண்ணுக்குக் கழகம் எல்லா அணிகளிலும் ஓய்வு அளித்தது. வேறெவருக்கும் அதுவரை கிட்டாத மரியாதை. ஏற்கெனவே அதை அணிந்திருந்தவர்கள் தொடரலாம் என்ற விலக்கு இருந்தும், அவர்களில் ஒருவரான லெப்ரான் ஜேம்ஸ் 2023-இல் 23-ஆம் எண்ணுக்கு மாறிக்கொண்டார்.