இடைவிடா சகாய மாதா திருவோவியம்: செப்பனிடுதலும் மீள்வருகையும்

தமிழகக் கத்தோலிக்கர் இல்லங்களில் பரவலாகக் காணப்படும் சகாய மாதா படத்தின் மூல ஓவியம், உரோமை நகரின் மெருலானா வீதியிலுள்ள புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. மரப்பலகையில் தீட்டப்பெற்ற அது ஏறத்தாழ 54 செ.மீ. உயரமும் 41.5 செ.மீ. அகலமுமே உடையது. மேற்பகுதியில் மிக்கேலும் கபிரியேலும் பாடுகளின் கருவிகளை ஏந்தி நிற்க, குழந்தை இயேசு அன்னையின் கையைப் பற்றியுள்ளார். ஒரு காலின் மிதியடி கழன்று தொங்குகிறது. கிரேக்க எழுத்துக் குறிப்புகள் இதனைப் பைசாந்திய மரபோடு இணைக்கின்றன. இவ்வோவியம் 1866 ஏப்ரல் 26 அன்று இவ்வாலயத்திற்கு ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டதை மீள்வருகை என்பது வழக்கம். எந்த இடத்திற்கு, யாருடைய உரிமையின் பேரில் அது மீண்டது என்று வினவினால், அச்சொல் அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

ஓவியத்தின் அருகே முன்னர் வைக்கப்பட்டிருந்த பழைய குறிப்பின்படி, வணிகர் ஒருவர் இதனைக் கிரீட் தீவிலிருந்து களவாக எடுத்து உரோமைக்குக் கொணர்ந்தார். இறக்குந்தறுவாயில், இதனை ஓர் ஆலயத்தில் சேர்க்குமாறு நண்பரிடம் வேண்டினார். நண்பரின் மனைவி தர மறுக்கவே, மரியன்னை அவ்வீட்டுச் சிறுமிக்குக் காட்சியளித்து, புனித மேரி மேஜர் பெருங்கோவிலுக்கும் இலாத்தரன் பெருங்கோவிலுக்கும் இடையே தம் படம் வைக்கப்பட வேண்டும் என்று கூறியதாக அக்குறிப்பு மொழிகிறது. அவ்வாறே 1499 மார்ச் 27 அன்று, அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட புனித மத்தேயு ஆலயத்தில் அது நிறுவப்பட்டது. காட்சி பற்றிய செய்தி நம்பிக்கை சார்ந்தது. ஆயினும், ஓவியத்தைக் குறிப்பிட்ட ஓர் இடத்தோடு பிணைத்தது அச்செய்தியே. பிற்கால உரிமைக் கோரிக்கையும் அதன்மேல்தான் எழுந்தது.

1798இல் உரோமையைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினரால் புனித மத்தேயு ஆலயம் இடிபட்டது. அதனைப் பேணிவந்த அகுஸ்தீன் சபையினர் ஓவியத்தை முதலில் புனித யுசேபியு ஆலயத்திற்கும், 1819இல் போஸ்தெருலா மரியன்னை ஆலயத்திற்கும் கொண்டு சென்றனர். அங்கே வேறொரு மரியன்னை படம் ஏற்கெனவே வணக்கம் பெற்றிருந்தமையால், இது பக்கச் சிற்றாலயம் ஒன்றில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பழைய ஆலயத்தில் வாழ்ந்தவரான அருட்சகோதரர் அகுஸ்தீனோ ஓர்செத்தி, பீடச் சிறுவனாயிருந்த மிக்கேல் மார்க்கியிடம் இதுவே புனித மத்தேயு ஆலயத்து அன்னை என்று பன்முறை கூறிவந்தார். பின்னாளில் மார்க்கி ரெடம்ப்டரிஸ்ட் சபையில் சேர்ந்தார். அச்சபை 1855இல் வாங்கிய நிலத்திலேயே இடிந்த ஆலயத்தின் மனையும் அடங்கியிருந்தது. 1863 பிப்ரவரி 7 அன்று சேசு சபைக் குரு பிரான்செஸ்கோ பிளோசி காணாமற்போன அப்படத்தைப் பற்றி மறையுரையாற்றியபோது, அதன் இருப்பிடத்தை அறிந்து சொல்ல மார்க்கி இருந்தார். முதியவர் ஒருவரின் வாய்மொழி நினைவு இல்லாதிருந்தால், இடத்தையும் படத்தையும் இணைக்கும் கண்ணி அறுந்தே போயிருக்கும்.

1865 டிசம்பர் 11 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ஓவியத்தை ரெடம்ப்டரிஸ்ட் சபையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். ஈடாக வேறொரு தகுந்த படம் அளிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே, ஓவியம் மீண்டது முன்னைய காப்பாளரிடமும் அன்று, பழைய ஆலயத்திற்கும் அன்று; அவ்வாலயம் நின்ற நிலத்திற்கு மட்டுமே. மரபுரையே களவு என்று ஒப்புக்கொண்ட போதிலும், கிரீட் தீவின் உரிமை இவ்வாணையில் இடம்பெறவில்லை.

ஊர்வலத்திற்கு முன் ஓவியர் லியோபோல்டு நோவோட்னி படத்தைச் செப்பனிட்டார். 1867 ஜூன் 23 அன்று அதற்கு முடிசூட்டப்பட்டது. 1990இல் நிழற்படம் எடுப்பதற்காகப் பீடத்திலிருந்து இறக்கப்பட்டபோது, பலகையில் விரிசல்களும் பூஞ்சையும் காணப்பட்டன. முந்தைய செப்பனிடும் முயற்சிகளும் பலகையையும் வண்ணத்தையும் ஊறுபடுத்தியிருந்தன. வத்திக்கான் அருங்காட்சியக வல்லுநர்கள் ஊடுகதிர், அகச்சிவப்புக் கதிர், கரிமம்-14 சோதனைகளை மேற்கொண்டனர். பலகை 1325க்கும் 1480க்கும் இடைப்பட்டது எனக் கணிக்கப்பட்டது. வண்ணப்பூச்சோ 17ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. முகங்களில் கீழை, மேலை மரபுகள் கலந்திருப்பதற்கு இதுவே விளக்கமாகக் கூறப்படுகிறது. எனவே பழைய வடிவை மீட்டுத் தருவது வல்லுநர்களின் நோக்கமாக இருக்கவில்லை. விரிசல்களை அடைத்து, வண்ணத்தைத் தூய்மை செய்து, சிதைந்த பகுதிகளை மட்டும் குறைந்த அளவில் திருத்தினர். 1866க்குப் பின் ரெடம்ப்டரிஸ்ட் சபையினர் உலகெங்கும் அனுப்பிய படிகளில் உள்ளதும், தமிழ் இல்லங்களை அடைந்ததும், இம்மேற்பூச்சின் முகமே.