புக்மார்க்கும் முக்காற்புள்ளியும்

ஒரு நேயர் கேட்டிருந்தார்: “பிரவுசர்ல நாலாயிரம் புக்மார்க் இருக்கு. தேவைப்படும்போது ஒண்ணுகூட கிடைக்க மாட்டேங்குது. இதுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கா?”

இருக்கு. பாதி அமெரிக்காவில் நடந்தது, பாதி நம்ம மெட்ராஸில். மெட்ராஸ் பாதிதான் முதலில் நடந்தது. ஆனா அமெரிக்காவிலிருந்து ஆரம்பிக்கலாம், புரிஞ்சுக்க அது சுலபம்.

2003-ல் ஜோஷுவா ஷாக்டர் ‘டெலிஷியஸ்’ என்ற தளத்தைத் தொடங்கினார். அதுவரை புக்மார்க் என்றால் ஃபோல்டர்தான். ஃபோல்டரில் என்ன சிக்கல்? இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பற்றி ஒரு நல்ல கட்டுரை கிடைக்குதுன்னு வைங்க. அதை ‘கார்’ ஃபோல்டரில் போடுவதா, ‘நிலம்’ ஃபோல்டரிலா, ‘காஞ்சிபுரம்’ ஃபோல்டரிலா? ஒன்றில் போட்டால் மற்ற இரண்டிலும் தேடும்போது கிடைக்காது. டெலிஷியஸ், ஃபோல்டரே வேண்டாம், மூன்று சொல்லையும் டேகாக ஒட்டிவிடு என்றது. இன்னொரு விஷயம், உங்கள் சேமிப்பை எல்லோரும் பார்க்கலாம். அதே டேகில் முகம் தெரியாத இன்னொருவர் சேர்த்து வைத்ததை நீங்களும் பார்க்கலாம். இதைத்தான் சோஷியல் புக்மார்க்கிங் என்றார்கள்.

தமிழில் இதற்கு நெருக்கமாக ‘தமிழிஷ்’ இருந்தது, பிறகு ‘இண்ட்லி’ என்று பெயர் மாறியது. பதிவுக்குக் கீழே ஓட்டுப்பட்டை வைத்திருந்த காலம் அது. அப்போ வலைப்பதிவு படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போ எண்பது வருஷம் பின்னாடி போவோம்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஒரு கணித ஆசிரியர். 1924-ல் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். நூலகத்தின் அமைதி பிடிக்காமல், கல்லூரிக்கே திரும்பி விடுகிறேன் என்று கேட்டவர் அவர். பயிற்சிக்காக லண்டன் போன பிறகுதான் மனம் மாறியது. அங்கே அவரை உறுத்தியது நம் நேயரின் அதே கேள்வி: பல விஷயங்களைப் பேசும் ஒரு புத்தகத்தை எங்கே வைப்பது?

அன்றைக்குப் பரவலாக இருந்தது 1876-ல் வந்த டூயி முறை. அதில் தலைப்புகளுக்கான எண்கள் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருக்கும், புத்தகம் அதில் ஏதாவது ஒன்றுக்குள் போயாக வேண்டும். லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியை ரங்கநாதன் பார்த்தார். அதே துண்டுகளை வேறு வேறு மாதிரி பூட்டினால் வேறு வேறு பொம்மை. தலைப்பையும் இப்படிப் பூட்டினால் என்ன என்று யோசித்தார். நோய் ஒரு துண்டு, சிகிச்சை ஒரு துண்டு, நாடு ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண், நடுவில் பூட்டாக முக்காற்புள்ளி. 1933-ல் இது ‘கோலன் வகைப்பாடு’ என்று புத்தகமாக வந்தது. கோலன் என்றால் முக்காற்புள்ளிதான்.

புத்தகம் அலமாரியில் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். அதற்கும் ‘சங்கிலி முறை’ என்று ஒரு வழி கண்டுபிடித்தார்: வகை எண்ணின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் அட்டவணையில் ஒரு பதிவு. எந்த வாசலில் நுழைந்தாலும் புத்தகத்தைப் பிடித்துவிடலாம். டேக் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

அப்போ வித்தியாசம் என்ன? ரங்கநாதனின் நூலகத்தில் சொற்களைக் கவனிக்க ஒரு ஆள் இருந்தார். டெலிஷியஸில் யாரும் இல்லை. தமிழில் இந்த இடம்தான் ரொம்ப இடிக்கும். ‘நூலகம்’, ‘நூலகங்கள்’, ‘லைப்ரரி’ எல்லாம் கணினிக்கு வேறு வேறு டேக். டெலிஷியஸில் ஆரம்பத்தில் டேகுக்குள் இடைவெளி விட முடியாமல் இருந்தது. ‘நூல் நிலையம்’ என்று அடித்தால் நூல் தனி, நிலையம் தனி.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் டீமில் இதைச் சோதித்துப் பார்த்தோம். மெஷின் மேனுவல், எரர் கோட் விளக்கம் என்று ஆளாளுக்கு வைத்திருந்த லிங்குகளை ஒரே இடத்தில் கொட்டி, இஷ்டம்போல் டேக் போடச் சொன்னோம். ஒரு மாதத்தில் ஒரே சென்சாருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல். அப்புறம் மூன்று கேள்வி மட்டும் வைத்தோம்: எந்த மெஷின், என்ன கோளாறு, எந்த லைன்? ‘மெஷின்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, பெயர். வெள்ளிக்கிழமை மதியம் ஒருத்தர் அரை மணி நேரம் உட்கார்ந்து சரிபார்ப்பார். இப்போ நைட் ஷிஃப்ட்காரர் யாருக்கும் போன் போடாமலே தேடி எடுத்துவிடுகிறார்.

நூலகங்களும் இதை முயன்றிருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2005 வாக்கில் ‘பென்டேக்ஸ்’ கொண்டு வந்தது. இணைய லிங்குகளோடு, நூலகத்தின் சொந்த அட்டவணைப் பதிவுகளுக்கும் மாணவர்கள் டேக் போட முடிந்தது. நூலகர் கொடுத்த தலைப்பு அப்படியே இருந்தது, வாசகரின் சொல் அதன் பக்கத்தில் சேர்ந்தது.

டெலிஷியஸ் என்ன ஆனது? 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியது. 2010 டிசம்பரில், மூடப்போகும் சேவைகளின் பட்டியலில் அதன் பெயர் இருந்த ஒரு ஸ்லைடு வெளியே கசிந்தது. 2011-ல் யூடியூப் நிறுவனர்கள் இருவர் வாங்கினார்கள். தரவை மாற்ற ஒவ்வொரு பயனரும் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லாதவர்களின் புக்மார்க்குகள் புது இடத்துக்குப் போகவில்லை. 2017-ல் போட்டித் தளமான ‘பின்போர்டு’ வாங்கி, புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது.

மெட்ராஸ் கதை வேறு மாதிரி போனது. 1928-ல் மெட்ராஸ் நூலகச் சங்கம் தொடங்கியது, அதில் ரங்கநாதனுக்குப் பெரிய பங்கு. அதன் தொடர்ச்சியாக 1948-ல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. ஊர்தோறும் நூலகம் நடத்துவது அரசின் கடமை, அதற்கு ஒரு வரி என்று ஆனது. இன்றைக்கும் நம் சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்துதான் வருகிறது. வாசகர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை ஒரு கம்பெனி விற்கலாம், மூடலாம். சட்டப்படி நடக்கும் கிளை நூலகத்தை அப்படி ஒரு ஸ்லைடில் மூடிவிட முடியாது.

அதனால் அந்த நேயருக்கு என் பதில்: இன்றைக்கே உங்கள் புக்மார்க்குகளை ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு பிரதி கையில் வைங்க. மூன்று கேள்வி முடிவு பண்ணுங்க, அதற்கு மட்டும் டேக் போடுங்க. வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்க. முடிந்தால் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்க, அதுக்கான வரியை ஏற்கெனவே கட்டிட்டுத்தான் இருக்கோம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.