பெஸ் (மிட்டாய்)

பெஸ் ஆஸ்திரியாவில் தோன்றிய மாத்திரை வடிவ மிட்டாய். கார்ட்டூன் தலை பொருத்திய பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவரும் இது இன்று குழந்தைகளின் பண்டம். முதலில் விற்கப்பட்டதோ பெரியவர்களுக்கு, அதிலும் குறிப்பாகப் புகைபிடிப்பவர்களுக்கு.

தோற்றமும் பெயரும்

பேக்கிங் பவுடர் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாம் எட்வார்ட் ஹாஸ் 1927இல் வியன்னாவில் இம்மிட்டாயை அறிமுகப்படுத்தினார். பாகு காய்ச்சுவதில்லை, சர்க்கரைத் தூளில் பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்து அச்சில் அழுத்தி எடுப்பார்கள். பெப்பர்மின்ட்டை ஜெர்மன் மொழியில் 'ஃபெஃபர்மின்ட்ஸ்' என்பர். ரோமன் எழுத்தில் எழுதினால் அச்சொல்லுக்கு 11 எழுத்துகள். முதல், ஆறாம், பதினோராம் எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கியதே இப்பெயர். ஜெர்மன் உச்சரிப்பில் அது 'பெட்ஸ்'. புகைக்கத் தடையுள்ள இடத்திலும் பெஸ் சுவைக்கத் தடையில்லை என்ற பொருளில் விளம்பரங்கள் வந்தன.

பெட்டி

தொடக்கத்தில் சிறு தகர டப்பாக்களில் விற்றார்கள். 1949இல் ஆஸ்கர் உக்ஸா வடிவமைத்த பெட்டி வெளிவந்தது. பார்வைக்கு அது சிகரெட் லைட்டர் போலவே இருந்தது. மூடியைக் கட்டைவிரலால் பின்னுக்குச் சாய்த்தால் ஒரு மாத்திரை முன்னே வரும். உள்ளிருக்கும் சுருள்வில் அடுத்ததை மேலே தள்ளும். இதனால் மிட்டாயைக் கையால் தொடாமலேயே பிறருக்கு நீட்ட முடிந்தது. ஒரு பெட்டியில் 12 மாத்திரைகள் அடங்கும்.

அமெரிக்காவில்

1952இல் பெஸ் அமெரிக்காவுக்குச் சென்றது. புகைபிடிப்பவர்களை நம்பிய விற்பனை அங்கே எடுபடவில்லை. எனவே 1950களின் நடுவில் நிறுவனம் குழந்தைகள் பக்கம் திரும்பியது. பழச்சுவைகள் வந்தன, மூடியின் இடத்தில் சாண்டா கிளாஸ் போன்ற உருவங்களின் தலைகள் ஏறின. 1958இல் உரிமம் பெற்றுப் பாப்பாய் தலையை வெளியிட்டார்கள். டிஸ்னி பாத்திரங்களும் பின்னர் இவ்வரிசையில் சேர்ந்தன. பெட்டி நிமிர்ந்து நிற்பதற்கான பாதம் 1987இல்தான் வந்தது.

மிட்டாயைவிடப் பெட்டிக்கே மதிப்பு கூடியது. 1991இல் சேகரிப்பாளர்களின் முதல் மாநாடு ஓஹாயோ மாநிலத்தில் நடந்தது. இணைய ஏல நிறுவனமான ஈபே, பெஸ் பெட்டிகள் வாங்கி விற்பதற்காகவே தொடங்கப்பட்டது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது விளம்பரத்துக்காகப் புனையப்பட்டது, உண்மையல்ல.

அமெரிக்கத் தொழிற்சாலை கனெடிகட் மாநிலத்தின் ஆரஞ்ச் நகரில் உள்ளது. பழைய பெட்டிகளைப் பார்வைக்கு வைத்திருக்கும் பார்வையாளர் மையம் அங்கே 2011இல் திறக்கப்பட்டது.